என்னை ஏன் எடுக்கவில்லை, அம்மா?

என் பிரியமுள்ள அம்மா,

அம்மா என்று எழுதிவிட்டேன். ஆனால் நான் கேட்க வந்தது கபடி கோர்ட்டில் நின்ற டீச்சரிடம். பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டிவிட்டால் உன்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை விழுந்து முட்டி பெயர்ந்து, "எம்மா!" என்று அலறினேன். ஓடிவந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "டீச்சர்னு சொல்லுட்டி, பிள்ளைகள்லாம் பாக்குதுல்லா" என்றாய். அழுவதா சிரிப்பதா என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் அதே கதைதான்.

பங்குனியில் எங்களை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். இப்போது ஆடி, சாரல் விடாமல் அடிக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய் நேற்று யாரையும் குளிக்க விடவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், சமையல்கூடச் செய்கிறார். நான் டப்பாக்களுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டியும், கடுகென்று கேழ்வரகைத் தாளித்துவிட்டு, "வெடிக்கவே மாட்டேங்குதுளா" என்று என்னைக் கூப்பிடுகிறார்.

ரிட்டயர் ஆன பிறகும் நீ மைதானத்தை விட்டாயா? விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே எனக்குச் சடை பின்னினாய், பிறகு என் மகள் மதுவுக்கும் அப்படியே பின்னினாய். நீ போனதும் உன் டீம் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா, ஆளில்லாம நாங்க எங்கன போவோம்? நீங்க சும்மா வந்து நின்னாப் போதும்." நான் பாங்க் கவுண்டரில் உட்காருகிறவள். கபடியைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். நிற்கத்தானே சொல்கிறார்கள் என்று போனேன். நிற்கப் போனவளைப் பிடித்து, மாவட்டப் போட்டிக்கு ஆள் எடு என்று உன் இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டு பேர் வேண்டும். மற்றப் பதினொரு பேரில் ஒரு குழப்பமும் இல்லை. கடைசி இடத்துக்கு மட்டும் இரண்டு பேர், இரண்டு பேருமே கார்னரில் நின்று, பாடி வரும் ரைடரின் காலைப் பிடிக்கிறவர்கள். ஒருத்தி மது. இன்னொருத்தி அச்சன்புதூர் பாத்திமாவின் மகள் ஆயிஷா.

பாத்திமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நான் பத்தாவது படிக்கும்போது இதேபோல ஒரு கடைசி இடம் வந்தது. நீ ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் பாத்திமா பேரைச் சொன்னாய். ஏன் நான் இல்லை என்று நீ சொல்லவே இல்லை. அன்று சாயந்திரம் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், தலை நிறைய எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினாய். வெளியே வந்ததும் மங்குஸ்தான் வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்து எனக்கே கொடுத்தாய், நீ ஒரு சுளைகூடத் தின்னவில்லை. அது ஆறுதலா, மன்னிப்பா, இல்லை சீசனில் எல்லாரும் வாங்குகிற பழம்தானா? நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே நம் வீட்டில் வரவில்லை.

நான் ஆட லாயக்கில்லாதவளா? இல்லை, நன்றாக ஆடியும், டீச்சர் மகளென்று எடுத்துவிட்டார்கள் என ஊர் பேசுமே என்று என்னை விட்டுவிட்டாயா? இது தெரிந்தால் மதுவை என்ன செய்வது என்று தெரிந்துவிடும் என நினைத்தேன். அதனால் நம் பழைய ஆட்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் பாத்திமாவிடம் போனேன். அவள் புருஷன் இன்னும் துபாயில்தான் இருக்கிறார். ஆயிஷாவை ஆட அனுப்பச் சொல்லி நீ அந்த வீட்டுக்கு நடையாய் நடந்ததை அவள் இன்னும் சொல்லுகிறாள். "நீ என்னைவிட நல்லாப் பிடிப்பட்டி. எனக்கு அன்னைக்கே தெரியும். டீச்சர் ஊர் வாய்க்குப் பயந்துட்டாங்க. எம்மகளுக்காவ ஒம்மகள விட்றாத, கேட்டியா?" என்றாள். இப்படிச் சொல்லுகிறவளின் மகளை நான் எப்படி விடுவேன்?

அப்போது கேப்டனாக இருந்த செல்வி இப்போது போலீஸ். அவளிடம் கேட்டால், "கோவிச்சுக்காத. ரைடர் பாஞ்சு வந்தா நீ கண்ண மூடிருவ. ஓங்கம்மா செஞ்சது கரெக்ட்" என்று லத்தியைத் தட்டுகிறாள். அடிப்பாவி, இத்தனை வருஷம் எனக்கு இதை ஏன் சொல்லவில்லை? அப்பாவோ, "எங்கிட்ட அவ என்னைக்குளா கபடி பேசுனா? ரசத்துல உப்பு சரியான்னுதான் கேப்பா" என்கிறார்.

இன்று காலையில் செலக்‌ஷன். இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிறுத்தி, ஒரே ரைடரை அனுப்பினேன். மது பிடித்தாள், ஆயிஷாவும் பிடித்தாள். சாரலில் தரை வழுக்கி மது ஒன்றை விட்டாள், ஆயிஷாவும் ஒன்றை விட்டாள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மது மட்டும் தலையைக் குனிந்து முழங்கையில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வாய் "ஆயிஷா" என்றது.

நீ செய்யாத ஒன்றையாவது நான் செய்துவிட வேண்டும், காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வரும் வழியில் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, "கடைசிப் பிடியில நீ கொஞ்சம் லேட்டும்மா" என்றேன்.

"ஆயிஷாவும் லேட்டுதான? நெசமாச் சொல்லு. நான் சரியா ஆடலையா, இல்ல ஒன் மகளா இருக்கதுனாலயா?"

அம்மா, உள்ளே தேடிப் பார்த்தேன். அவள் தாமதித்ததும் உண்மை. பாத்திமா முகத்துக்குப் பயந்ததும் உண்மை, ஊருக்குப் பயந்ததும் உண்மை. எதற்காக ஆயிஷா என்று சொன்னேன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அங்கேயே, ரோட்டோரத்தில், உன் நினைப்பு வந்து அழுகை முட்டியது. நீ மறைத்துவிட்டாய் என்றுதான் இத்தனை காலமும் உன்மேல் எனக்குக் கோபம். உனக்கே தெரியவில்லையா அம்மா? எதற்கும் சட்டென்று விசில் ஊதி முடிவு சொல்லுகிறவள், இதற்கு மட்டும் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று திகைத்துப்போய் நின்றாயா?

"சத்தியமா எனக்கே தெரியலட்டி" என்றேன் மதுவிடம். அவள் ஓவென்று அழுதாள். வீடு வரைக்கும் என் தோளைப் பிடிக்காமலே உட்கார்ந்து வந்தாள். இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், அப்பா வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கும் கேட்பாள். பிள்ளை பெற்ற பிறகும் கேட்பாள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. அவள் எப்போது கேட்டாலும் பேச்சை மாற்ற மாட்டேன், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுவேன். நான் செத்த பிறகு என் மகள் ஊர் ஊராகப் போய் என்னைப் பற்றி விசாரிக்கும்படி விட மாட்டேன்.

உன்மேல் கோபமும் தீராத, உன் நினைப்பும் தீராத
உன் ஒரே மகள்,
ஜெயந்தி