வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

காலையில் ரிங் ரோட்டில் ஆர்டிஓ ஆட்கள் எங்கள் டாக்சியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வரி கட்டவில்லை. கட்ட முடியாமல் இல்லை. போன மாதம் விஜயநகர் மைதானத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர், "கார் வரியை யாரும் கட்டாதீங்க, நான் இருக்கேன்" என்று பேசினார். என் வீட்டுக்காரர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு அந்தத் தலைவரே வீட்டுக்கு வந்தார். வண்டியை மீட்டுத் தருவார் என்று நினைத்து ஓடிப்போய்க் காபி போட்டேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்.

"ஒள்ளேதாய்த்து முருகேசா, நல்லதாப் போச்சு! நாளைக்கு பிரஸ்காரங்கள கூட்டிட்டு வர்றேன். போராட்டம் முடியற வரைக்கும் வண்டி அங்கேயே நிக்கட்டும். நீ மட்டும் வரி கட்டிடாதப்பா."

"அதுவரைக்கும் நாங்க என்னத்தைங்க சாப்பிடறது?" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "நீ உள்ள போ புள்ள" என்றார்.

இத்தனை வருடமாகச் சவாரி வருகிறவர்களுக்கு இவர் வெறும் டிரைவர். ஒருவரும் பெயர் கேட்டதில்லை. இன்று ஒரு தலைவர் தோளில் கைபோட்டு, முருகேசா என்கிறார்.

அவர் போனதும், "காலையில போயி வரியக் கட்டி வண்டிய எடுத்துட்டு வந்துருங்க" என்று கெஞ்சினேன். "கட்டினா நான் மனுசனா?" என்கிறார்.

இப்போது வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, டிவியில் என்ன பேசுவது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. இனி நான் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.