ஊர் வாசலில் என் படம்

மார்ச் 3, செவ்வாய்

வீடியோ கேமில் பனிநாடு முடிந்தது. ஆட்டம் தீர்ந்த பிறகும் கம்பெனிக்காரன் ஒட்டுப்போட்டு விற்கிற புது நாட்டுக்கு எக்ஸ்பான்ஷன் என்று பெயர், இது முதலாவது. மொத்தம் நாற்பது டிராகன் வெட்டினேன். சகலை பதினொன்று என்கிறான். எனக்கு வியர்க்காமல் செத்ததையெல்லாம் அவன் சேர்க்கவில்லை.

சகலைக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை, எதிர் வீடு. திரையில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை அவன் தமிழில் படித்துச் சொல்ல, நான் ஆடுவேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்றில்லை. ஏழாம் வகுப்பிலேயே வாத்தியாருக்குச் சந்தேகம் தீர்த்தவன். வாளில் இருக்கிற கண் எழுத்துக்கு எப்படிப் போகும்?

ஊர் வாசலில் பலகை நட்டு என் வீரனின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். கீழே 'குலம் காத்தவன்' என்று எழுதியிருக்கிறதாம். ரொம்ப நேரம் பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். ஒற்றை ஆளாகப் பனிநாட்டை வென்ற கதையைச் சொன்னேன். "சின்ன மாப்பிள்ளை என்ன பண்ணாரு?" என்றார் மாமனார். "பக்கத்துல உக்காந்து சிப்ஸ் தின்னான்" என்றேன். கூடமே சிரித்தது. சபை என்றால் நாலு வார்த்தை கூடத்தான் வரும்.

சகலை எழுந்தான். "இனிமே நீங்களே படிச்சுக்குங்கண்ணே."

போடா.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது எக்ஸ்பான்ஷன். தீவு. எவன் தயவும் வேண்டாம்.

மார்ச் 11, புதன்

தீவில் ஒருத்தனுக்கும் மரியாதை தெரியவில்லை. துறைமுகத்தில் ஒரு கிழவன் நீளமாகப் பேசினான். முழியே சரியில்லை, வெட்டினேன். அதிலிருந்து கோட்டைக் கதவு திறக்கவில்லை. சாவி அவனோடு போய்விட்டது போல.

என் வெல்டிங் பட்டறையிலும் அந்தக் கதவுதான் ஞாபகம். ஒரு கேட்டுக்குப் பூவேலையைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டேன். இதுதான் இப்போ புது மாடல் என்றேன். ஆர்டர் கொடுத்தவர் சந்தோஷமாக வாங்கிப் போனார்.

மாலையில் சகலை வாசலில் நின்றான். நான் கதவைச் சாத்தினேன், கொஞ்சம் சத்தமாக. அவனும் சாத்தினான், அதைவிடச் சத்தமாக.

மார்ச் 14, சனி

கோட்டைச் சுவரிலும் அதே பலகை, அதே படம். புகழ் கடல் தாண்டிவிட்டது. பட்டறையில் காட்டப் போட்டோ எடுக்கச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை, எந்த டாக்டர் கிறுக்கலும் தப்பாது.

"கீழ இருக்கறதச் சத்தமாப் படி."

"ஊரை எரித்தவன். கண்ட இடத்தில் வெட்டவும்."

"சரியாப் படி."

"சரியாத்தான் படிச்சேன். எந்த ஊர எரிச்சீங்க?"

பனிநாட்டில் என் தீப்பந்தம் கை தவறித் தானியக் கிடங்கில் விழுந்தது. பேய் ஒழிந்ததென்று ஊரே வாழ்த்துகிறது என்றானே சகலை? வாளோடு ஓடி வந்தவனெல்லாம் பேய் பிடித்தவன் என்றானே?

படுபாவி. மூணு மாசமா என்னை வெச்சுக் கூத்து கட்டியிருக்கான்.

மார்ச் 15, ஞாயிறு

அவன் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடித்தேன் — பிடிக்கத்தான் போனேன்.

"ஏண்டா மாத்திப் படிச்சே?"

"உள்ளபடி படிச்சா ஆடுவீங்களா? ஆரம்பத்துல ஆட்டத்துல ஒருத்தன் உங்கள முட்டாள்னான். அப்படியே படிச்சேன். ஆடற ரிமோட்டச் சுவத்துல அடிச்சு உடைச்சீங்க. அன்னியிலேர்ந்துதான்."

"உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பே."

"மாமா வீட்டுல எல்லாரும் வெளியிலயே சிரிச்சாங்களே."

திரும்பி வந்து என் வீட்டுக் கதவைச் சாத்தினேன், இந்த முறை சத்தமில்லாமல்.

மார்ச் 19, வியாழன்

தனியாக ஆடினேன். எல்லாரும் வாயை வாயை அசைக்கிறார்கள்.

மார்ச் 21, சனி

மாமனாருக்கு போன் போட்டேன். சிப்ஸ் கதை நானாகச் சேர்த்தது, படித்ததெல்லாம் சின்ன மாப்பிள்ளை, எனக்கு அந்த எழுத்து ஓடாது என்றேன்.

"தெரியும் மாப்ளே" என்றார்.

எப்படித் தெரியும்? எவன் சொன்னது?

மார்ச் 22, ஞாயிறு

சகலை வந்தான். மாமனார் சொல்லியிருப்பார் போல. செருப்பைக் கழற்றினான், பக்கத்தில் உட்கார்ந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிப் படிக்கணும்?"

"உள்ளபடி."

முன்பு சேவ் பண்ணிய இடத்திலிருந்து எடுத்தோம். துறைமுகத்தில் நான் வெட்டிய கிழவன் மறுபடி உயிரோடு நின்றான். சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். கொலைகாரன், புளுகன், அடுத்தவன் உழைப்பில் மீசை முறுக்குகிறவன், சோற்றுக்குக் கேடு.

திரையில் இருந்தது ரெண்டே வரி. இவன் பத்து நிமிஷம் படித்தான்.

ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன். பிறகு "அடுத்தது படி" என்றேன்.