வாய் இல்லாத பெட்டி

அக்கா,

இன்று காலை என் மகன் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். டம்ளர் உயரம்தான் இருக்கும். எங்கே வைத்தாலும் நன்றாகக் கேட்குமாம். போடா, உனக்குக் கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நாம் இருவர்தான். நீ ராஜபாளையத்து நூல் மில்லுக்குப் பஸ்ஸில் போய்வந்தாய். மிஷின் இரைச்சலில் குரல் எடுபடாது. அங்கே பெண்கள் எல்லாரும் உதட்டசைவிலேயே ஊர்க்கதை பேசிவிடுவீர்கள். வீட்டிலும் நான் பேசினால் என் வாயையே பார்ப்பாய். "என்னத்தப் பாக்க? பல்லுல கீரையா?" என்பேன். சிரிப்பாய்.

"டேப்புல எல்லாம் மொணமொணங்குது, ஒண்ணும் வெளங்கலட்டி. நல்ல ஸ்பீக்கரா வாங்குவோம்" என்றாய். நானும் டேப்தான் சரியில்லை என்று நம்பினேன்.

ராஜபாளையத்து ரேடியோக் கடை பாய் நம்மை உட்காரவைத்து, ரூம் எம்புட்டு இருக்கும், சிமெண்டுத் தரையா என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரித்தார். "சின்ன ரூமுக்கு இந்தச் சின்ன ஜோடி போதும்மா. பெரிய பெட்டி வச்சா கும்முன்னு அடைச்சிரும். ஆனா ஒங்க காதுதான் முடிவு சொல்லணும்."

சின்ன ஜோடியில் ஒரு பாட்டைப் போட்டார். சலங்கை மணி மணியாக உதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துப்போனது.

"சலங்கையக் கேட்டியாக்கா?"

"எங்கட்டி சலங்கை?"

பாய் சத்தத்தைக் கூட்டினார். அலமாரிப் பக்கம் திரும்பி நின்றபடியே, "இப்பக் கேக்குதாம்மா?" என்றார். நீ பதில் சொல்லவில்லை. பெட்டியின் முன்துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கும்.

"இதுக்கு வாய் இல்லையேட்டி" என்று சிரித்தாய். கண் கலங்கியிருந்தது. நான் கடை என்றும் பாராமல் அழுதேன்.

பாய் வயரைப் பெரிய பெட்டிக்கு மாற்றினார். நீ அதன் பலகையில் கையை வைத்தாய். தவிலடி கைக்கு ஏறியதும் முகம் தெளிந்தது.

"இதையே எடுப்போம்."

"ரூமுக்கு ஆகாதுன்னு சொல்லுதாவளே அக்கா."

"ரூமா பாட்டுக் கேக்கப் போவுது? நாந்தான கேக்கணும்!"

வீட்டில் பாத்திரமெல்லாம் குலுங்கியது. பக்கத்து வீட்டம்மா ஏசாத நாளில்லை. மிஷின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது என்று மதுரை டாக்டர் கையை விரித்தார். நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் நீ மில்லை விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாச் சத்தமும் உன்னைவிட்டுப் போனது. நானும் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசப் பழகினேன். அதில் நாம் போட்ட சண்டைகள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவே இல்லை.

நீ கடைசியாகப் படுத்தபோது சுற்றி நின்றவர்கள், "காதுல சத்தமாக் கூப்புடுட்டி, உசுரு இருக்க மட்டும் காது கேக்கும்" என்றார்கள். மற்றவர்களுக்குக் கேட்கும். நீ கண்ணை மூடியதும் என் பேச்சு உனக்கு நின்றுபோனது. மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல எம்புட்டோ இருந்தது அக்கா.

இப்போதும் உன்னிடம் ஏதாவது சொல்லத் தோன்றினால் எனக்குச் சத்தம் வருவதில்லை, உதடுதான் அசைகிறது. கிழவி தனியாக முனகுகிறாள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்றுகொள்கிறேன். உனக்கு என் வாய் தெரிய வேண்டுமே.