றோசின் லொறிக்கு ஒரு சீபீ றேடியோ

மாதா துணை

கோலியர்ஸ் வுட், லண்டன்
2 செப்ரெம்பர் 1990

அன்பு மகள் றோஸ்மலருக்கு,

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு உன் கையெழுத்தை இப்போதுதான் காண்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி. மீதி இரண்டு பக்கமும், லொறிக்காரர் ஓடிக்கொண்டே தங்களுக்குள் பேசுகிற சீபீ றேடியோவும் அன்ரெனாவும். பரவாயில்லை. தகப்பனை நினைக்காவிட்டாலும் தகப்பன் வீட்டுக்குக் கிட்ட அப்படி ஒரு கடை இருப்பதையாவது நினைத்தாயே.

கடைக்குப் போனேன். சீ! நனைந்த நாயின் மணம். சுவர் முழுக்க உடுப்பில்லாத பொம்பிளைகளின் கலண்டர். ஒரு தடியன் சிப்ஸ் தின்ற கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, அதே கையால் றேடியோவை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். எண்ணெய் விரல் அடையாளம் அதில் ஒளிர்ந்தது.

"ஆருக்கு?" என்றான்.

மகனுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மகளுக்கு. லொறி ஓட்டுறா" என்று வந்துவிட்டது. அவன் பின்னால் திரும்பி, "டேய், இங்கை வா, இந்தாளைக் கேள்" என்று மற்றவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். மென்ற சிப்ஸ் முழுவதும் தெரிந்தது.

நான் ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை செய்கிறவன். மனுச உடம்பிலிருந்து வரக்கூடிய அத்தனையையும் கையுறை போட்டு அள்ளியிருக்கிறேன். ஒருநாளும் சத்தி வந்ததில்லை. அங்கே வந்தது.

ஆனாலும் உன் அப்பன் கெட்டிக்காரன். காந்தம் வைத்த அன்ரெனா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். லொறிக் கூரையில் வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளுமாம். ஆணியும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்.

உன் அம்மா மெற்றில்டாவிடம் கடிதத்தைக் காட்டினேன். வாசிக்கவில்லை. கோயிலில் கேட்பவர்களுக்கு இன்னும் "மகள் டொன்காஸ்ரரிலை கணக்கு எழுதுறா" என்றுதான் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று, தலையாட்டுகிற பொம்மையின் வேலையைச் செய்கிறேன். நீ ரெலிபோன் எடுத்தால் அவர் வைத்துவிடுவார் என்று உனக்கே தெரியும். அதனால் எழுது.

கடைக்குள் போன சட்டையை இரண்டு தரம் தோய்த்த,
அப்பா பெனடிக்ற்

* * *

டொன்காஸ்ரர்
9 செப்ரெம்பர் 1990

அன்புள்ள அப்பா,

காந்தம் வேண்டாம். என் லொறியின் கூரை பைபர். மாதாவே வந்து பிடித்தாலும் காந்தம் அதில் ஒட்டாது. பக்கக் கண்ணாடியைத் தாங்குகிற இரும்புக் கையில் பூட்டுகிற அன்ரெனாதான் வேண்டும். அதன் அடி, பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் முட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான் பேசுவது எனக்குத்தான் கேட்கும்.

இன்னொன்று. லொறி இருபத்துநாலு வோல்ற். அந்தப் பெட்டி பன்னிரண்டு. நேரே கொடுத்தால் புகைதான் வரும். இடையில் குறைக்கிற சாமான் ஒன்று தனியாக விற்கிறார்கள், அதையும் கேளுங்கோ. அன்ரெனா சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிற சின்ன மீற்றர் ஒன்றும் வேண்டும். கடைக்காரன் "அது தேவையில்லை" என்பான். தேவை.

இதையெல்லாம் நான் இங்கேயே வாங்கலாமே என்று நினைப்பீர்கள். போனேன். என் புருஷன் எந்த லொறி ஓட்டுகிறான் என்று கேட்டார்கள். நான்தான் என்றதும், உன் கால் பிரேக்குக்கு எட்டுமா, காட்டு பார்ப்போம் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். உங்களுக்கும் அதுவே நடக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னியுங்கோ.

ஏன் இந்தப் பெட்டி என்று நீங்கள் கேட்கவில்லை. போன மாசியில் மலைக்கு மேலே, பனிக்குள், லொறி நின்றுவிட்டது. லைற்றும் இல்லை. பின்னால் வருகிறவன் இடித்துவிடுவானோ என்று றோட்டோரப் புல்லில் இறங்கி நின்றேன். உதவி கேட்கிற ரெலிபோன் கம்பம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்த றோட்டில் போன எல்லாரிடமும் சீபீ இருந்தது. என்னிடம் மட்டும்தான் இல்லை.

அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்,
றோஸ்

* * *

மாதா துணை

கோலியர்ஸ் வுட்
24 செப்ரெம்பர் 1990

அன்பு மகளுக்கு,

நீ சொன்ன எல்லாம் வாங்கினேன். மீற்றர் தேவையில்லை என்றுதான் அவன் சொன்னான். "மகள் தேவை எண்டவள்" என்றேன். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை, ஏப்பம் விட்டான்.

அனுப்ப முதல் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று, மேல்வீட்டு றெஜினோல்ட் அண்ணை உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் தன்னுடைய பழைய அன்ரெனா ஒன்றைக் கட்டித் தந்தார். கார் பற்றரி ஒன்றும், மேசையில் வைத்துப் பேசுகிற மைக் ஒன்றும் தந்தார். அதன் அடியில் ஒரு பட்டை. அமத்தினால் நாங்கள் பேசலாம், விட்டால் மற்றவர்கள் பேசுவது கேட்கும். லொறிக்காரரெல்லாம் பத்தொன்பதாம் சனலில்தான் இருப்பார்களாம்.

பிள்ளை, நான் அதைக் கேட்டேன்.

ஒரு பொம்பிளை வந்தாள். குரலைக் கேட்டால் ஸ்கொட்லாந்துக்காரி. குறொய்டனுக்குப் போகிற வழி கேட்டாள். வழிதான் கேட்டாள். நாலைந்து பேர் சேர்ந்து அவளுக்குச் சொன்னதை நான் எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் கடதாசியைத் தபால்காரன் குறட்டால் பிடித்துக்கொண்டு வருவான். அவள் சிரித்துச் சமாளித்துவிட்டுப் போய்விட்டாள். போன பிறகும் அவர்கள் விடவில்லை. எங்கள் ஆட்களைச் சொல்கிற அந்தச் சொல்லையும் கறிக்கு உப்புப் போல எல்லாத்திலும் போட்டார்கள். எங்கள் சலவையில் வருகிற ஊத்தைக்கு ஒரு வியாதியாவது காரணம் இருக்கும். இந்த அரியண்டத்துக்கு என்ன காரணம்?

என் புத்தி, மைக்கை அமத்தி, "ஜென்ரில்மன், பிளீஸ்" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். கோயில் பக்கம் சொல்லக்கூடியது இல்லை.

ஆகையால் பெட்டியை அனுப்பமாட்டேன். நீ கோபித்தாலும் சரி. பெற்ற பிள்ளையின் காதுக்குள் அந்தச் சாக்கடையை என் கையாலேயே பூட்டி அனுப்ப என்னால் ஏலாது. வேலையை விட்டுவிட்டு வா. கணக்குப் படிப்பை இங்கே முடிக்கலாம்.

சோறு இறங்காத,
அப்பா

* * *

டொன்காஸ்ரர்
1 ஒக்ரோபர் 1990

அப்பா,

நீங்கள் அந்தப் பெட்டியில் கேட்டதை, நான் கன்ரீனில் முகத்துக்கு நேரே கேட்கிறேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்கிறேன். கோப்பையை வைத்துவிட்டு வரும்போது முதுகுக்குப் பின்னாலும் கேட்கிறேன். லொறிகள் நிற்கிற இடத்தில் பெண்களுக்கென்று கக்கூசு இல்லை. ஆம்பிளையளின் கக்கூசுக்குள் ஒருதரம் போய் வந்தேன். அதைப் பற்றி எழுதினால் நீங்களும் தபால்காரனும் சேர்ந்து சத்தி எடுப்பீர்கள். எனக்கு அருவருப்பு இல்லை என்றா நினைக்கிறீர்கள்? அதைத் தாண்டித்தான் ஓட்டுகிறேன்.

நீங்கள் அந்த ஸ்கொட்லாந்துக்காரியைப் பற்றி எழுதினீர்கள். அவள் ஏன் சிரித்துச் சமாளித்தாள் தெரியுமா? அவளுக்கு வழி வேண்டியிருந்தது. எனக்கும் வழிதான் வேண்டும். நல்ல வார்த்தை பேச ஆட்கள் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நான் பனிக்குள் நிற்கிறேன் என்று யாருக்காவது தெரிய வேண்டும். அவன் ஊத்தை வாயனாக இருந்தாலும் பரவாயில்லை.

என் காதுக்குள் என்ன போக வேண்டும், என்ன போகக்கூடாது என்று அங்கே இருந்து நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அம்மா ரெலிபோனை வைக்கிறா. நீங்கள் பெட்டியை வைத்திருக்கிறீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

வேலையை விடமாட்டேன். நானே இங்கே ஒன்று வாங்கிக்கொள்கிறேன். பெட்டி உங்களிடமே இருக்கட்டும். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

றோஸ்மலர்

* * *

மாதா துணை

கோலியர்ஸ் வுட்
17 ஒக்ரோபர் 1990

அன்பு மகள் றோசுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சொன்னதைக் கேட்காத குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மாசிப் பனியில் நீ நின்றதை நான் ஒரு வரியாக வாசித்துவிட்டு, கடைக்காரனின் ஏப்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதை நினைக்க, கடையிலும் சனலிலும் வராத அருவருப்பு என்மேலேயே வருகிறது.

இப்போது ஒரு மானக்கேடு சொல்கிறேன், சிரி.

செபமாலை மாதம் அல்லவா. கூடிச் செபமாலை சொல்ல நேற்று எங்கள் வீட்டு முறை. தவமலர் அக்கா குடும்பம், றெஜினோல்ட் அண்ணை, சவுத்தோல் தாண்டியிருந்துகூட ஆட்கள், வீடு நிறையச் சனம். பெட்டி இருந்த மேசையைத்தான் பீடமாக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. பெட்டி, மைக் எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை மேசைவிரிப்பை இழுத்து மூடிவிட்டார். விரிப்புக்குக் கீழே ஸ்விச் கைக்கு எட்டாததால் நான் பெட்டியை நிப்பாட்டவில்லை. சனத்துக்கு முன்னால் அந்த நாற்றம் வெளியே வரக்கூடாது என்று சத்தத்தை மட்டும் அடியோடு குறைத்துவிட்டேன். பிறகு மாதா சுருபத்தைத் தூக்கி நடுவில் வைத்தேன். கொஞ்சம் சரிந்து நின்றது. றெஜினோல்ட் அண்ணை ஒரு செபப்புத்தகத்தை முட்டுக்கொடுத்தார்.

சுருபம் நின்றது மைக்கின் பட்டைக்கு மேலே.

ஐந்து தேவரகசியமும், பிரார்த்தனையும், அவரவர் சொன்ன மன்றாட்டுகளும், என் கட்டைக் குரலில் மாதா பாட்டும், எல்லாம் பத்தொன்பதாம் சனலில் போயிருக்கின்றன. பட்டை அமந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் கேளாது. சனம் போன பிறகு சுருபத்தை எடுத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். "முடிஞ்சுதா, ஐயா?" என்று ஒருவன். அடுத்தவன் இது அரேபியாக்காரரின் ரகசியச் செய்தி என்றான். மூன்றாமவன் சொன்னதை மாதா கேட்காதிருக்க வேண்டுமென்று நானே ஸ்விச்சை அமத்தினேன். தென்லண்டன் லொறிக்காரரை ஊத்தை வாயர் என்ற நான், செபம் சொல்லியே அவர்களை இன்னும் ஊத்தையாகப் பேசவைத்திருக்கிறேன். சுவாமியாரிடம் இதை எந்தப் பாவத்துக்குள் சேர்த்துச் சொல்வது?

அம்மா அதைக் கேட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். மன்றாட்டு நேரத்தில் அவரும் ஒரு மன்றாட்டுச் சொன்னார். என்ன சொன்னார் என்று எழுதக்கூடாதாம். "அது எனக்கும் மாதாவுக்கும்" என்றார். மாதாவுக்கும் அவருக்கும் நடுவில் அத்தனை லொறிகளும் நின்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பெட்டியை அடுத்த கிழமைக் கடைசியில் பார்சலில் போடுகிறேன். நீ வேறு வாங்கியிருந்தாலும் இதையும் வைத்திரு. ஒன்று பழுதானால் மற்றது.

ஒரே நாளில் தென்லண்டன் முழுக்கப் பெயரெடுத்த,
உன் அப்பா

* * *

டொன்காஸ்ரர்
20 ஒக்ரோபர் 1990

அன்புள்ள அப்பா,

பெட்டியை அனுப்ப வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் கிழமைக்கு ஒருதரம், செவ்வாயில், உங்களுக்குக் கிட்ட, வொக்ஸ்ஹோல் மரக்கறிச் சந்தைக்கு லோட் கொண்டு வருகிறேன். உங்களுக்குச் சொன்னதில்லை. கிட்ட வந்தும் வீட்டுக்கு வராமல் போகிறேன் என்று தெரிந்தால் நோகும் என்று சொல்லவில்லை. போன செவ்வாயும் வந்தேன். கரட் மூட்டைகளோடு வரிசையில் நின்றேன். புதுப் பெட்டி போட்டிருந்தேன்.

முதலில் உங்கள் குரல். பேய் என்று நினைத்தேன். பிறகு எல்லாரும் சேர்ந்து அருள் நிறைந்த மரியே. எனக்கு முன்னால் நின்றவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, என்ன கோதாரி இது என்று கத்தினான். நான் சனலை மாற்றவில்லை. ஒவ்வொரு மன்றாட்டாகக் கேட்டேன். றெஜினோல்ட் மாமாவின் மூட்டு வலி, தவமலர் அன்ரியின் விசா. பிறகு அம்மா.

"மாதாவே, என்ரை பிள்ளை றோஸ் லொறி ஓட்டுறாள். கணக்கு எழுதேல்லை. நான் இவ்வளவு சனத்துக்கும் பொய் சொல்லிப்போட்டன். அவளைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர். அந்த லொறி மட்டும் ஒரேயடியாப் பழுதாப் போகட்டும். ஆனால் அவளுக்கு ஒரு கீறலும் வரப்படாது."

இரண்டு மூன்று பேர் மட்டும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொன்னது கேட்டது.

நான் மைக்கை எடுத்து, "அம்மா, நான் இங்கைதான், கிட்டத்தான் நிக்கிறன்" என்று சொன்னேன். நீங்கள் அமத்தியபடி இருந்தால் உங்களுக்குக் கேட்காது என்று தெரியும். தெரிந்துகொண்டும் சொன்னேன். வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது. என்ன சொன்னாய் என்று ஒருவன் கேட்டான். அம்மாவோடு கதைக்கிறேன் என்றேன். அவன் சொன்ன பதிலை நான் எழுதமாட்டேன். உங்கள் மகள்தானே.

லொறி பழுதாகவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கோ. நான் வேலையை விடவும் இல்லை. அவ அதை விரும்பத் தேவையில்லை. அருவருத்தாலும் பரவாயில்லை.

வருகிற செவ்வாய் பின்னேரம் அதே வரிசையில் நிற்பேன். அதனால்தான் பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்றேன். அம்மாவைக் கதிரையில் இருத்தி, அவவின் கையை அந்தப் பட்டையில் வையுங்கோ. மற்றவர்கள் ஊத்தைக் கதை கதைப்பார்கள். கதைக்கட்டும், அதற்கு நடுவில்தான் நானும் இருப்பேன். அவவுக்கு என்னைப் பேச வேண்டியது எல்லாவற்றையும் பேசச் சொல்லுங்கோ. ஏச வேண்டியதையும்.

பேசி முடிந்ததும் கையை எடுக்கச் சொல்லுங்கோ, அப்பா. எடுத்தால்தான் நான் சொல்வது கேட்கும்.

றோஸ்