பிரான்சுக் கோடும் நம்ம கோடும்

தராசுத் துணியை இன்று காலையில் துவைத்துக் கொடியில் போட்டேன். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த அந்த நீலத் துணிதான். பிள்ளையை அதில் உட்காரவைத்துக் கூரைக் கம்பியில் தொங்கும் தராசில் மாட்டி நிறுப்போமே, அதே துணி. எத்தனை சோப்புப் போட்டாலும் புளித்த பால் வாடை போவதாயில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன். உயிரோடு இருந்தபோது மட்டும் உன்னைச் சும்மா விட்டேனா என்ன?

பின்னேரம் பதுளையிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம். தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் எப்படி இருக்கிறோம், என்ன சாப்பிடுகிறோம், மனசு எப்படி என்றெல்லாம் கேட்டு எழுதுவாளாம். அதைக் கேட்டதிலிருந்து உன் நினைப்புத்தான். இந்த விஷயத்தை உன்னிடம் பேசாமல் யாரிடம் பேசுவது?

அந்தப் பிரான்சுக்காரி வந்த வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நீயும் நானும் புள்ளக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகள் மத்தியானம்வரை நம் மடியில்தான். ஏதோ உதவிக்கென்று வந்த அந்தம்மா, சுவரில் பெரிய தாளொன்றை ஒட்டினாள். நாடு நாடாகக் கோடு. பிள்ளைகளின் எடைக்கு ஒரு வரிசை, ஆட்கள் எத்தனை வயசுவரை இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்துக்குக்கூட ஒரு வரிசை. சாப்பிட உட்கார்ந்தால் பிரான்சுக்காரர்கள் இலேசில் எழும்ப மாட்டார்களாம். அந்தக் கோடு மற்ற எல்லா நாட்டையும் தாண்டி ஓடியது. நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அவ்வளவு நேரம் அப்படி என்னத்தைத்தான் தின்பார்கள் என்று கேட்டாய். கூட வந்த பண்டாரவளை டீச்சர் அதை அந்தம்மாவுக்குச் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாம் ரொட்டியை மடித்துக் கையில் பிடித்தபடியே மலைக்கு ஏறுகிறவர்கள். நமக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைசி வரிசையைக் காட்டி அவள் இன்னொன்று சொன்னாள். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று நாடு நாடாகக் கேட்டிருக்கிறார்கள். அதில் மட்டும் பிரான்சுக் கோடு குட்டை. அவர்களைவிட வசதி குறைந்த நாடுகள்கூட நன்றாக இருக்கிறோம் என்று சொல்லியிருக்க, இவர்கள் குறைசொல்லி எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான், குறை இருந்தால் வாயை மூட மாட்டார்கள் என்றாள். நீ என் காதோரம் வந்து, "எல்லாம் இருந்தும் அழுவுதுக பாரு, கொழுப்பு" என்றாய். நானும் ஆமாம் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். போகும்போது அந்தம்மா தாளின் அடியில் காலி இடத்தைத் தொட்டுக் காட்டி, அடுத்த மாதம் உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கோட்டையும் இங்கே போடுவோம் என்றுவிட்டாள். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னவென்று கேட்கத்தான் இல்லை.

வெளியாள் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லாருக்கோங்க என்பதுதானே நம் லயத்துப் பழக்கம். அடுப்பில் தண்ணீர் மட்டும் கொதித்தாலும் அதே பதில்தான். நம் வீட்டுக் குறை வெளியே போனால் தோட்டத்து மானம் போகும் என்று நினைத்தே வளர்ந்துவிட்டோம். நீ அதை ஒவ்வொரு பிள்ளையின் எடைப் புத்தகத்திலும் செய்தாய். பிள்ளைக்குப் பிள்ளை அரைக் கிலோ கூட்டி எழுதினாய். மெலிந்து கிடந்த தர்ஷினிக்கு மட்டும் ஒரு கிலோ.

அந்தம்மா வந்து பார்த்துவிட்டு, இந்தத் தோட்டம் பரவாயில்லை என்று கோட்டைப் போட்டாள். நம் கோடு எதிர்பார்த்ததைவிட நீளமாகவே வந்தது. கொடுக்க இருந்த சத்துமா மூட்டைகள் வேறு தோட்டத்துக்குப் போயின. நீ அந்தத் தாளின் முன்னால் நின்று முந்தானையால் முகம் துடைத்தாய். எனக்கு என்ன தெரியும்? நானும் பெருமையாக நின்றேன்.

மழைக்காலம் பிடித்த பிறகு ஒரு நாள் நீ ஹல்துமுல்லைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாய். அன்று நான் நிறுத்தேன். முள் போன மாத எழுத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்துச் சீனிப் பக்கெட்டை மாட்டிப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் காட்டியது. ஒவ்வொரு பிள்ளையாகத் திரும்பவும் மாட்டினேன். மற்ற எல்லோரும் ஒரே அளவு குறைவு, தர்ஷினி மட்டும் இன்னும் குறைவு. பத்து மாதத் தர்ஷினியைத் துணியில் வைத்தபோது அவள் அழக்கூட இல்லை. காலையிலிருந்து வயிற்றால் போய்த் துவண்டிருந்தாள்.

நீ வந்து இறங்கியதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். நீ மறைக்கவில்லை. "நம்ம கோடு எல்லாத்துக்கும் கீழ நிக்கிறத என்னால பாக்க முடியல, புள்ள" என்றாய். உன்னை அறையலாம் போல இருந்தது. அறைய நேரம் இல்லை. மலையிலிருந்து தர்ஷினியின் தாய் யோகத்தைக் கூப்பிட்டு, கொழுந்து லொறியை மறித்து, மூன்று பேரும் பிள்ளையோடு ஏறினோம். பெரகல மலைப்பாதை வளைவுகளில் பனிமூட்டம். லொறி ஊர்ந்துதான் போனது. யோகம் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். நீ செபமாலையைக் கையில் சுற்றி மணி மணியாக உருட்டிக்கொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையை நிறுத்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டார். யோகம் கொடுத்தாள். அவர் புத்தகத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். போன மாதம் இவ்வளவு இருந்த பிள்ளை இப்போது இவ்வளவு என்றால், உடம்பில் நீரெல்லாம் வற்றிவிட்டது, உடனே நிறைய சேலைன் ஏற்ற வேண்டும் என்று நேர்ஸிடம் சொன்னார். நேர்ஸ் ஊசியை எடுத்துவிட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ யோகத்தைப் பார்த்தாய். அவள் உன்னைத் தெய்வமாக நினைத்திருந்தவள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வதா, சொன்னால் உன் கதி என்ன என்று வாயைத் திறக்க முடியாமல் நின்றேன்.

"ஐயா, அந்த எழுத்து பொய்ங்க" என்றாய் நீ. "நான்தான் கூட்டி எழுதினேன். இந்தப் புள்ள எப்பவுமே இவ்வளவுதாங்க."

டொக்டர் கையைக் காட்டி நேர்ஸை நிறுத்தினார். முன்பிருந்தே மெலிந்த பிள்ளைக்கு அந்த வேகத்தில் தண்ணீர் ஏற்றினால் இதயம் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். நல்லவேளை சொன்னாய் என்றும் சொன்னார். யோகம் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் உன்னோடு மறுபடி பேச அடுத்த தீபாவளி ஆயிற்று. தர்ஷினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கழுதை, என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிறாள்.

பிரான்சுக்காரியிடமும் நீயே போய்ச் சொன்னாய். வேலை போய்விடும் என்று நான் தடுத்தேன், கேட்கவில்லை. அவள் திட்டவில்லை. சுவரில் இருந்த நம் கோட்டை அழித்து, நாம் நிறுத்ததை வைத்துப் புதிதாகப் போட்டாள். எல்லாக் கோட்டையும்விடக் குட்டை. அடுத்த மாதம் மூட்டைகள் வந்து இறங்கின. அன்றைக்கு நீ அந்தக் கடைசி வரிசையை, குறைசொல்கிறவர்களின் வரிசையை, விரலால் தொட்டுக்கொண்டு நின்றாய். "அது கொழுப்பு இல்ல, புள்ள. இல்லன்னு வாய்விட்டுச் சொன்னாத்தான் குடுப்பாங்க. அதான் அவுங்க மத்த கோடெல்லாம் நீளம்" என்றாய். அது சரியோ தப்போ, படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அது பட்டது.

அவ்வளவு தெரிந்தவள்தானே நீ? அப்புறம் ஏனடி அப்படிச் செய்தாய்?

போன வருஷம் கிளினிக்கில் உன் பக்கத்து வாங்குப் பலகையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மேட்டு லயத்துக்கு ஏற முடியாமல் மூன்று இடத்தில் நீ நின்றதை நான் பார்த்திருந்தேன். டொக்டர் கேட்டதும் நீ சிரித்துக்கொண்டு நல்லாருக்கேங்க ஐயா என்றாய். உன் கை சேலைக்குள்ளே நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரார் முன்னால் உன் மானத்தை ஏன் வாங்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அரைக் கிலோவுக்கு உன்னை அறையப் பார்த்தவள், இதற்கு வாயை மூடிக்கொண்டேன். அந்த மாதம் முடியவில்லை, நீ போய்விட்டாய். கோபம் உன்மேல் என்று தொடங்கினேன். பாதி என்மேல்தான்.

இதுவரை எழுதிவைத்துவிட்டு எழுந்தபோது பதுளைப் பெண் வந்துவிட்டாள். சின்னப் பெண், காலில் சப்பாத்தெல்லாம் சேறு. பெயர், வயசு, லயத்து இலக்கம் எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா அம்மா என்று கேட்டு, பதில் தெரிந்தவள் போலப் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோய்விட்டாள். என் நாக்கும் பழக்கத்துக்கு அந்தச் சொல்லுக்குத்தான் போனது. கொடியில் நீலத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா, நல்லா இல்ல. அப்படியே எழுதிக்க" என்றேன்.

அவள் பேனா நின்றது. காலையிலிருந்து இந்தத் தோட்டத்தில் எல்லோரும் நல்லாருக்கோம் என்றுதான் சொன்னார்களாம். ஏன் என்று கேட்டாள். வாங்கில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். கூரை ஒழுகுவதைச் சொல்லலாம், பள்ளத்து லயத்துச் சுவர் வெடித்ததைச் சொல்லலாம், சொல்ல எவ்வளவோ இருந்தது. நான் உன்னிலிருந்து தொடங்கினேன்.