மாதாமாதம் அனுப்பிய பிரதி

செட்டிகுளம்
27.08.2005

அன்பு மகன் சப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், நீயும் மருமகள் ஸுல்பாவும் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். மனம் சுகமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ "உம்மா" என்று ஒரு இழுவை இழுத்தால் நான் இளகிப் போய்விடுவேன், அது உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். முழுக்க வாசி, நடுவில் மடித்து வைக்காதே.

முதலில் வீட்டுப் பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். சிறுபோக நெல்லு வெட்டி முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. உன் தங்கச்சி நஃப்லா புத்தளத்திலிருந்து வந்து நாலு நாள் நின்றுவிட்டுப் போனாள், அவளின் சின்னவனுக்கு முன் பல் இரண்டும் விழுந்து கதைக்கிறது ஒன்றும் விளங்குவதில்லை. வாப்பாவுக்கு முழங்கால் நோ இருக்கிறது, எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன கொம்பியூட்டரும் நன்றாக வேலை செய்கிறது. அது நன்றாக வேலை செய்ததுதான் எங்களுக்கு வந்த வினை.

கரண்ட் வந்த அடுத்த மாதம் நீ வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து அந்தப் பழைய பெட்டியைச் சின்ன அறையில் வைத்தாய். வீட்டில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் அதற்குள் வரிசையாகப் போட்டாய். கிணறு இறைத்தல் ஆறு மாதத்துக்கு ஒருதரம், கூரைப் பீலிக்குள் சருகு எடுத்தல் மாரிக்கு முதல், தண்ணீர்த் தாங்கி கழுவுதல், கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுதல், கறையான் மருந்து, வேலி அடைத்தல், சுண்ணாம்பு. நாள் கிட்டினால் வரி மஞ்சளாகி மேலே ஏறும், நாள் தப்பினால் சிவப்பு, செய்து முடித்து ஒன்றாம் இலக்கத்தை அமத்தினால் பச்சை. எனக்காகத் தட்டுகிற கட்டைகளிலெல்லாம் தமிழ் எழுத்து ஒட்டினாய். வேறு ஆட்கள் இதைப் பார்ப்பார்களோ என்று நான் கேட்டதற்கு நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "உம்மா, இது வேற எங்கயும் போகாது, எங்கட வீட்டுக் கதை எங்கட பெட்டிக்குள்ளதான் கிடக்கும்" என்றாய். பிறகு, பெட்டி பழுதானால் திருப்பிப் போட ஒரு பிரதி உன்னிடம் இருக்கட்டும் என்று சொல்லி, அதையும் ஒரு வேலையாக வரிசையில் போட்டாய். மாதம் ஒருதரம் வாப்பா பிரதி எடுத்த பிளொப்பியைச் சட்டைப் பையில் வைத்துச் சைக்கிளில் போய்க் கொமினிக்கேசன் கடைப் பொடியனிடம் கொடுத்து ஈமெயிலில் உனக்கு அனுப்புவித்தார். மழையென்றும் பார்க்கவில்லை, முழங்கால் நோவென்றும் பார்க்கவில்லை. பிள்ளை கேட்டது என்று போனார்.

ஒவ்வொரு வேலைக்கும் கீழே நீ வைத்த குறிப்புப் பகுதியில் நான் என்னவெல்லாம் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். வேலையை மட்டுமா எழுதினேன், மனதில் வந்ததையெல்லாம் எழுதினேன். நீ அங்கே இருந்து வாசிப்பாய் என்ற எண்ணத்தில் உன்னோடு கதைக்கிற மாதிரித்தான் எழுதினேன்.

முந்தநாள் வியாழக்கிழமை வாப்பா மில்லுக்கு நெல்லுக் கொண்டு போன நேரம் கேற்றடியில் ஒரு வான் வந்து நின்றது. ஒரு மனிதரும் மனைவியும். மன்னாரில் புடவைக் கடை வைத்திருக்கிறார்களாம். உன் பேரைச் சொன்னார்கள், மனைவியும் கூட வந்தபடியால் உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுத்துத் தேத்தண்ணியும் வைத்தேன். அந்த மனிதர் கையில் ஒரு கட்டுக் கடதாசி. அதைப் பார்த்துப் பார்த்து வீட்டைச் சுற்றினார். பீலியை அண்ணாந்து பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். குசினிக் கதவைத் திறந்து மூடினார், கடதாசியைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் எழுதினது. ஒரு எழுத்து மாறாமல் நான் எழுதினது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். "மகன்தான் அனுப்பினவர் உம்மா, வீட்டை எப்படிப் பராமரிச்சிருக்கிறியள் எண்டு பார்க்க. இவ்வளவு ஒழுங்கா எழுதி வச்ச வீட்டை நாங்கள் எங்கயும் காணேல்ல" என்றார். பிறகு கிணற்றடியில் நின்று மாசி மாதத்துக் குறிப்பை வாசித்தார். வாப்பா இறங்கினார், ஏறி வரும்போது கால் நடுங்கியது, இனி இவரை இறக்கக் கூடாது, சப்ராஸ் வந்தால் பார்ப்பான் என்று நான் எழுதியிருந்தேனே, அது. வாசித்துவிட்டு நல்ல மனதோடுதான் சொன்னார், "வயசு போன மனிசன்தானே, இனி நீங்கள் ரெண்டு பேரும் புத்தளத்தில மகளோட நிம்மதியா இருக்கலாம், வீட்டை நாங்கள் வடிவா வச்சிருப்பம்" என்று. பெருநாள் முடியவிட்டு வீட்டைத் தங்கள் பேருக்கு உறுதி எழுதுவதாம், உனக்குப் பதிலாக ஸுல்பாவின் தம்பி, உன் மச்சான், கையெழுத்து வைப்பாராம், நானும் வாப்பாவும் சம்மதமாம். அந்த ஆட்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வீடு பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள்.

கோபம் உன்னில். ஆடி மாதம் போனில் நீ என்ன சொன்னாய்? சுண்ணாம்பைப் பெருநாள் வரைக்கும் வைக்காமல் இப்பவே அடியுங்கோ, கேற்றுக்கும் பெயின்ற் பூசுங்கோ, ஒவ்வொரு வேலையும் எவ்வளவு காலம் தாங்கும் என்று எழுதுங்கோ என்றாய். நாங்கள் இரண்டு கிழடுகளும் நீ பெருநாளுக்கு வரப்போகிறாய் என்று நினைத்தோம். வாப்பா ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்தார், நான் கீழே ஏணியைப் பிடித்தேன். உன் பிள்ளை படுக்க என்று சின்ன அறை யன்னலுக்கு வலை கூட அடித்தோம். அதையும் எழுதினேன், அந்த மனிதர் அதையும் வாசித்துவிட்டு, வலை புதிசு என்று மனைவிக்குக் காட்டினார்.

காணி உறுதி உன் பேரில் இருப்பது நாங்களே விட்ட பிழை. தனக்கொன்று நடந்தால் உம்மா அரசாங்கக் கச்சேரிக்கு அலையக் கூடாது, பிள்ளையின் பேரில் கிடக்கட்டும் என்று வாப்பா எழுதி வைத்தார். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களைப் போகச் சொல்லி உடுத்த உடுப்போடு இந்த வீட்டை விட்டுப் போனோம், பன்னிரண்டு வருஷம் புத்தளத்துக் கொட்டிலில் கிடந்தோம், திரும்பி வந்தபோது கூரையில்லை, கிணற்றுக்குள் பற்றையும் குப்பையும். உன் காசும் இதில் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. திரும்பவும் சண்டை வரும், நாங்கள் அகப்பட்டுப் போவோம் என்று நீ பயந்திருக்கலாம். பயந்தால் பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாப்பா கத்தியிருப்பார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார், பிறகு யோசித்திருப்பார். அன்று எங்களை அனுப்பினவர்களாவது முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. மில்லால் வந்து கோப்பைகளைக் கண்டு ஆர் வந்தது என்றார், வழி தவறி வந்த ஆட்கள் என்று பொய் சொன்னேன். இன்று கிணற்று வரி சிவப்பாகிவிட்டது. இந்தமுறை விடுங்கோ என்று எவ்வளவோ சொன்னேன். "பெட்டி சிவப்பெல்லே காட்டுது, பிள்ளை போட்டு வச்ச நாள் தப்பக் கூடாது" என்று பக்கத்து வளவுச் சிவராசாவைக் கூப்பிட்டுக் கயிற்றோடு போய்விட்டார். இறங்குவது சிவராசாதான், ஆனால் மேலே நிற்பது வாப்பா. இதை எழுதும்போது வாளிச் சத்தம் கேட்கிறது.

சரி, இனிக் கேள். பிரதி அனுப்புகிற வேலையை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். நானே எடுத்தேன், நீதானே பழக்கினாய். புதிதாக ஒரு வரி போட்டிருக்கிறேன். வேலை: வீட்டை விற்கிற கதையை வாப்பாவிடம் சொல்லுதல். செய்ய வேண்டியவர்: சப்ராஸ். நாள்: செப்டெம்பர் முப்பது, நோன்புக்கு முந்தின வெள்ளி. இப்போது அது கடைசியில் கிடக்கிறது, வாப்பா அவ்வளவு தூரம் கீழே பார்ப்பதில்லை. ஆனால் ஏழு நாளுக்கு முதல், இருபத்துமூன்றாம் தேதி, மஞ்சளாகி மேலே ஏறும். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அவர் முதல் செய்கிற வேலை அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான். இந்தக் கடிதம் வர இரண்டு கிழமை எடுக்கும், அதையும் எண்ணித்தான் நாள் வைத்தேன். விற்கிறாயோ விடுகிறாயோ, அதை அவருக்கு உன் வாயால் சொல். நான் சொல்ல மாட்டேன்.

வெயிலுக்குள் வேலை செய்யாதே, தண்ணீர் நிறையக் குடி. பிள்ளைக்கு என் முத்தம், ஸுல்பாவுக்குச் சலாம், அவளில் எனக்கு ஒரு குறையுமில்லை. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்யட்டும், உன்னை நேரான வழியில் வைக்கட்டும், கோபத்தோடு கேட்டாலும் தாயின் துஆ துஆதான். இருபத்துமூன்றாம் தேதியை மறக்காதே. அந்த வரியை நான் பச்சையாக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பி எல்லாவற்றையும் எழுதி வைத்த
உம்மா ஸக்கியா