ஆறு பேருக்குச் சாம்பார்

கிட்வாய் நகர், புது டெல்லி
நவம்பர் 2001

அன்புள்ள மதுவின் அப்பாவுக்கு,

அகல்யா எழுதுகிறேன். விசாவுக்காக அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்வந்து ஒரு வாரம் ஆகிறது. போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் இன்னும் முடிவு தெரியவில்லை என்றே சொல்லி வந்தேன். அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இதை ஈமெயிலில் எழுத மனம் வரவில்லை. கம்பெனி உங்களைத் தங்கவைத்திருக்கும் அந்த கெஸ்ட் ஹவுஸில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், ஆறு பேரும் மாறி மாறிப் பார்க்கிறோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். இது உங்களுக்கு மட்டும்.

மதுமதிக்குத் தீபாவளிப் புகையில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தால் "நஹீ சாஹியே" என்று தள்ளிவிடுகிறாள். இந்தி மட்டும் பளிச்சென்று வருகிறது. "உன் மாமியார் வந்தா இவளுக்கும் அவங்களுக்கும் நடுவுல நான்தான் துபாஷியா உக்காரணும்டி" என்று அக்கா சிரிக்கிறாள். அக்காவும் ராஜவேல் அத்தானும் எங்களை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

சாணக்யபுரியில் நடந்ததைச் சொல்கிறேன். என் முறை வந்தபோது மது தோளில் தூங்கிவிட்டிருந்தாள். சின்ன வயது அதிகாரி. நம் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, மாலை கோணலாகத் தொங்கும் உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கணவருக்கு அமெரிக்கா பழகிவிட்டதா என்று கேட்டார். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர், இப்போது ஆறு பேருக்கு மத்தியானச் சமையலே அவர்தான், சாம்பாரில் அவரை அடிக்க ஆளில்லையாம் என்றேன். பெருமை! ஞாயிற்றுக்கிழமைகளிலா என்று கேட்டார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். இல்லை, தினமும் என்றேன்.

அவர் ஆல்பத்தை மூடினார். வேலை நாளிலும் மத்தியானம் வீட்டில் சமையலா, எந்த ஊரில் என்றார். நியூ ஜெர்சி என்றேன். கம்பெனி கொடுத்த காகிதத்தில் நீங்கள் ஆகஸ்ட் முதல் டெக்ஸாஸில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். அவர் கோபப்படவில்லை. விசா வாங்கிக் கூப்பிட்ட கம்பெனி, வேலை கொடுக்காத நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி, உங்கள் கணவருக்குச் சம்பளம் வருகிறதா என்றார். எம்.ஏ. படித்தவள், பேந்தப் பேந்த விழித்தேன். ஆகஸ்டிலிருந்து சம்பளச் சீட்டுகளைக் கொண்டு வந்தால்தான் எனக்கும் குழந்தைக்கும் விசா என்று அனுப்பிவிட்டார்.

நீங்கள் பேசும்போதெல்லாம் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். ஆபீஸ் கேன்டீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் டெல்லி ஆள் கஸ்தூரிரங்கன் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். "யாரும்மா உங்கள சாம்பார் கதையெல்லாம் சொல்லச் சொன்னா? கேட்டதுக்கு யெஸ், நோ. அவ்ளோதானே சொல்லிக் குடுத்தேன்!" என்று கத்தினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நான் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், சம்பளச் சீட்டுகளைக் கம்பெனியே தயார் பண்ணிவிடும் என்றார். போடாவிட்டால்? "கம்பெனி கைய விட்டுடும். அப்புறம் உங்க ஆத்துக்காரர் அங்க நிக்கவே முடியாது."

விசா என்றால் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி, உங்கள் பெயரில் இருந்தால் உங்களுடையது என்று நினைத்திருந்தேன். அத்தான்தான் புரியும்படி சொன்னார். "இந்த குவார்ட்டர்ஸ் மாதிரிம்மா. என் பேர்லதான் இருக்கு. நாளைக்கு நான் ஆபீஸ்ல இல்லன்னா சாமானத் தூக்கி ரோட்டுல வைக்க வேண்டியதுதான்." பிறகு, "பொய்யில கையெழுத்துப் போடாத. அது உன் புருஷன் செழியனையும் சேத்துத்தான் புடிக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் மறுபடி வருகிறார். நான் போடப்போவதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் வாயால் ஆரம்பித்தது, என் கையாலேயே முடியப்போகிறது. நீங்கள் என்னைத் திட்டலாம்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இந்த முடிவுக்கு வரவில்லை. கூட இருக்கும் பாலு ராத்திரியெல்லாம் தூங்காமல் ஜன்னலண்டை உட்கார்ந்திருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை, நாங்கள்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்று போன மாதம் சொன்னீர்கள். பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்று எத்தனை முறை கேட்டேன்! ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினீர்கள். இந்த ஒரு வாரமாக எனக்கு ஒரே நினைப்புதான். ஜன்னலண்டை உட்கார்ந்திருப்பது பாலுதானா?

கம்பெனி வாங்கி வைத்துக்கொண்ட உங்கள் டிகிரி சர்டிபிகேட் அவர்களிடமே இருந்தால் இருக்கட்டும். யுனிவர்சிட்டியில் நகல் கேட்டு வாங்கலாம். ஊரில் உங்கள் அப்பாவுக்கு நானே எழுதுகிறேன், என்னால்தான் கெட்டது என்று. நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போகிறாளாம். நாளைக்குப் போய் விசாரிக்கிறேன்.

பெரிய குக்கருக்கு கேஸ்கட் கேட்டிருந்தீர்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கியும் விட்டேன். அதை அனுப்பப்போவதில்லை. இங்கேயே இருக்கட்டும்.

மது உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். உங்களை எந்தக் குறையும் அண்டாமல் அந்த முருகன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கிளம்பி வாருங்கள். பாலு என்று ஒருவன் நிஜமாகவே இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்,
அகல்யா